கம்பெனி வேனும் ஆள் வேலையில் நிற்பதும்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கங்கைகொண்டான் சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை), தாழையூத்து, நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) வேலையும் பார்த்துக் கொடுக்கிறேன். முதலாளி போன் போட்டாலும், பேக்கிங்கில் வேலை பார்க்கும் அக்கா போன் போட்டாலும் பேச்சு எப்படியோ வேனில் வந்து நின்றுவிடும். ஒரே சந்தேகத்தைப் பல வாயில் கேட்டதால் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே போட்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய சட்டத்தின் பெயர் மக்களுக்குப் பழகியிருப்பதால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. கம்பெனி வேன் விட்டே ஆகணும்னு சட்டம் எதும் இருக்கா சார்?

பொதுவாக இல்லை. பகல் ஷிப்டுக்கு ஆள் எப்படி வந்து சேர்கிறார் என்பது அவர் பாடு என்றுதான் சட்டம் விட்டிருக்கிறது. ஆனால் வேலைக்கு எடுத்த ஆர்டரிலோ, சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்திலோ வேன் உண்டு என்று எழுதியிருந்தால் அது கொடுத்தே ஆக வேண்டிய விஷயம்.

பெண்களின் இரவு வேலை தனி. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

2. பொம்பளையாளுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே, பெறகு வேன் என்னத்துக்கு?

2021 மே மாதம் தொடங்கிய விடியல் பயணம் நம் பக்கத்துப் பெண்களுக்குப் பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். மானூருக்கு உள்ளே இருக்கிற ஊரிலிருந்து கங்கைகொண்டானில் காலை 6 மணி ஷிப்டுக்கு வர வேண்டுமென்றால் 5 மணிக்கு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்கு எத்தனை ஊரில் முதல் பஸ் வருகிறது? வந்தாலும் ஜங்ஷனுக்கோ புது பஸ் ஸ்டாண்டுக்கோ போய் மாறி வர வேண்டியிருக்கும்.

பகல் 9 மணிக்குத் தொடங்கி, டவுனிலோ வண்ணார்பேட்டையிலோ இருக்கிற கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ் போதும். ஷிப்ட் வேலைக்கும் நாலுவழிச் சாலை ஓரத்துத் தொழிற்சாலைக்கும் போதாது.

3. வேன் விட்டா ஆள் நிப்பாங்களா? இல்ல சும்மா செலவுதானா?

முதலாளிகள் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். ஆளைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள தொழிற்சாலை செலவு செய்வது நம் சீமைக்குப் புதிதில்லை. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவித் தண்ணீரை நம்பி மில் கட்டினார்கள், விக்கிரமசிங்கபுரம் அந்த மில்லை ஒட்டி வளர்ந்தது. 1949-ல் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை ஓடத் தொடங்கியது, சங்கர்நகர் என்று ஒரு ஊரே எழுந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்காகச் செட்டிகுளத்தில் அணுவிஜய் நகரியம் கட்டினார்கள். வீடு கொடுத்தால் ஆள் இருபது முப்பது வருஷம் நின்றார். இன்றைக்கு சிப்காட்டில் வருகிற கம்பெனி வீடு கட்டுவதில்லை. ஆள் தன் ஊரிலேயே இருக்கிறார். வயல், ஆடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், வயசான மாமியார் எல்லாம் அங்கேதான். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்துக்கு இப்போது வேன் வந்திருக்கிறது.

அதனால் வேன் செலவு வீண் இல்லை. ஆனால் வேன் வாங்கிவிட்ட உடனே ஆள் நிற்பார் என்பதும் இல்லை. நான் பார்த்தவரை வித்தியாசம் திரும்பிப் போகிற வேனில் இருக்கிறது. காலை வேன் ஐந்து நிமிஷம் பிந்தினால் சூப்பர்வைசர் டிரைவருக்கு மூன்று தடவை போன் போடுகிறார், ஏனென்றால் மெஷின் நிற்கும். சாயங்காலம் 5.30-க்கு ஷிப்ட் முடிந்து, பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டிரிப்பை முடித்துவிட்டு வேன் 6.10-க்கு வந்தால் ஆபீசில் ஒருவரும் கேட்பதில்லை. செக்யூரிட்டி ஷெட் ஓரத்தில் தூக்குச்சட்டியோடு நிற்கிற பெண்கள் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். "சின்னவன் நாலரைக்கே வந்துருப்பான், சாவி எங்கிட்ட இருக்கு, உங்க வீட்டுத் திண்ணையில உக்கார வச்சிருங்கக்கா." பக்கத்து வீட்டு அக்கா எத்தனை நாள் வைத்துக்கொள்வார்? கொஞ்ச நாளில் அந்தப் பெண் வேலைக்கு வரமாட்டார். ரெஜிஸ்டரில் காரணம் 'சொந்த வேலை' என்று இருக்கும்.

ஆள் நிற்க வேண்டுமென்றால் காலை வேனுக்குப் போடுகிற போனைச் சாயங்கால வேனுக்கும் போடுங்கள். பணம் செலவில்லாத வேலை இது, இதைச் செய்கிற கம்பெனி குறைவு.

4. வேன் வேண்டாம், அதுக்குப் பதிலா ரூவாயா குடுத்திரட்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 25 கிலோமீட்டர் என்றால் போக வர 50. பைக் லிட்டருக்கு 45 கொடுத்தால் ஒரு நாளைக்கு 1.1 லிட்டர். மாதம் 26 நாளைக்கு 29 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 2,900 ரூபாய் ஆகிறது. டயர், சர்வீஸ், பைக் தவணை இதில் இல்லை. 1,000 ரூபாய் படியாகக் கொடுத்துவிட்டு வேனுக்குச் சமம் என்று சொல்ல முடியாது.

பாளையிலும் கே.டி.சி. நகரிலும் குடியிருக்கிற இளவட்டப் பையன்கள் ரூபாயைத்தான் விரும்புவார்கள். கிராமத்துப் பெண்கள் வேனைத்தான் கேட்பார்கள், அவர்களில் பலருக்கு ஓட்ட வண்டி இல்லை, இருந்தாலும் அது வீட்டுக்காரர் கையில் இருக்கும். இரண்டையும் வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடுவது நல்லது.

5. வேனுக்குன்னு சம்பளத்துல மாசம் 600 ரூவா பிடிக்காவ. பிடிக்கலாமா?

கம்பெனி செய்து கொடுக்கிற வசதிக்குப் பிடித்தம் செய்ய 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இடம் இருந்தது, புதிய ஊதியத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு. அரசு அனுமதித்த வகை வசதியாக இருக்க வேண்டும். பழைய சட்டம், தொழிலாளி அதை வேலை நிபந்தனையாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்றும், பிடிக்கிற தொகை அந்த வசதியின் மதிப்பைத் தாண்டக்கூடாது என்றும் சொன்னது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. வாயால் சொல்லிவிட்டுப் பிடிப்பது செல்லாது, சம்பளச் சீட்டில் தனி வரியாக வர வேண்டும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிடிக்காமல் இருப்பதே நல்லது என்பேன். 600 ரூபாய் பிடித்த அன்றிலிருந்து அது காசு கொடுத்து ஏறுகிற வண்டி ஆகிவிடுகிறது. சீட் கிழிந்திருந்தாலும் நின்றுகொண்டு போக வேண்டியிருந்தாலும் "காசு குடுத்துத்தானே வாரோம்" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கிறது.

6. வேன் செலவ சம்பளத்தோட சேத்துக் காட்டுனா மினிமம் வேஜஸ் வந்துருதே?

வராது. பயண வசதியின் மதிப்பைக் கூலி என்ற வரையறையிலிருந்தே சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. குறைந்தபட்ச ஊதியம் கையில் வர வேண்டும், வேன் அதற்கு மேலே.

7. கம்பெனி வேன்ல போனா இன்கம் டாக்ஸ் வருமா?

வீட்டிலிருந்து வேலை இடத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் கம்பெனி வண்டியில் போய் வருவதை வருமானமாகக் கணக்கிடுவதில்லை. வரி கிடையாது.

ரூபாயாக வாங்கினால் கதை வேறு. முன்பு மாதம் 1,600 ரூபாய் வரை போக்குவரத்துப் படிக்கு விலக்கு இருந்தது. 2018-19 நிதியாண்டிலிருந்து அதை எடுத்துவிட்டு நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) கொடுத்துவிட்டார்கள். 4-ம் கேள்வியில் வேனா ரூபாயா என்று யோசிக்கிறவர்களில் ஆபீசர் சம்பளம் வாங்குகிறவர்கள் மட்டும் இதைக் கவனித்தால் போதும். ஹெல்ப்பர், ஆபரேட்டர் சம்பளத்துக்கு வரியே வராது.

8. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குல டிராவல் அலவன்ஸ் சேருமா சேராதா? ஆடிட்டர் ஒண்ணு சொல்லுதாரு, ஆபீசர் ஒண்ணு சொல்லுதாரு.

பயணப் படி இ.எஸ்.ஐ. சம்பளக் கணக்கில் சேராது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பி.எஃப்.-ல் சிக்கல் இருந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் கொடுக்கிற படி, பெயர் என்னவாக இருந்தாலும் அடிப்படைச் சம்பளம்தான் என்று 2019-ல் வந்த தீர்ப்பு பல கம்பெனிகளை உலுக்கியது.

புதிய தொகுப்பில் வரையறை ஒன்றாகிவிட்டது. போக்குவரத்துப் படி கூலியில் சேராது. ஆனால் இப்படி விலக்கப்பட்ட படிகளெல்லாம் சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதி கூலியாகிவிடும். மொத்தம் 18,000 ரூபாயில் படிகள் மட்டும் 11,000 என்றால், 9,000-க்கு மேலே உள்ள 2,000 ரூபாய் கூலியோடு சேர்ந்துவிடும். பி.எஃப். குறைக்கிறதற்காகப் படியை ஏற்றி வைக்கிற பழக்கத்துக்கு இது தடை.

9. வேன் பஞ்சராகி லேட்டாச்சு. எனக்கு அரை நாள் லீவு போட்டுட்டாவ. இது நியாயமா?

நியாயம் இல்லை. கம்பெனி அனுப்பிய வண்டி பிந்தினால் அது கம்பெனியின் தாமதம். கேட்டில் உள்ள ரெஜிஸ்டரில் 'வேன் தாமதம்' என்று ஒரு கட்டம் போட்டு, டிரைவரும் செக்யூரிட்டியும் கையெழுத்துப் போடட்டும். அந்த வேனில் வந்தவர்களுக்கு முழு நாள் வருகை. பத்து நிமிஷ வேலை இது.

வேனை விட்டுவிட்டுப் பின்னால் பஸ்ஸில் வந்தவருக்கு இது பொருந்தாது. வேன் வருகிற நேரத்துக்கு நிற்பது தொழிலாளியின் பொறுப்பு. ஆனால் 5.05 என்று சொன்ன வேன் 4.55-க்கே வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனால் அதுவும் கம்பெனியின் தாமதக் கணக்கில்தான் வர வேண்டும்.

10. 2023 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்து வேனே வர முடியலன்னா சம்பளம் உண்டா?

அந்த டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. எத்தனையோ ஊர் துண்டாகிக் கிடந்தது. இயற்கைச் சீற்றத்தால் தொழிற்சாலையே வேலை கொடுக்க முடியாமல் போனால் அது லே-ஆஃப். தகுதியுள்ள நிறுவனத்தில் தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கிடைக்க வேண்டும். தொழிற்சாலை ஓடியது, ஆள்தான் வர முடியவில்லை என்றால் சட்டம் வாய் திறப்பதில்லை.

அந்த வாரம் வர முடியாதவர்களுக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனியும் உண்டு, லீவில் கழித்த கம்பெனியும் உண்டு. ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர் பக்கத்து ஆட்கள் அதை இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

11. வேன்ல உக்காந்திருக்க ரெண்டு மணி நேரமும் டூட்டிதானே?

சட்டப்படி இல்லை. வேலை நேரம் என்பது வேலை இடத்தில் கம்பெனியின் கையில் இருக்கிற நேரம். பயணத்துக்கு ஓவர்டைம் கேட்க முடியாது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர.

ஆனால் உடம்புக்குத் தெரிவது மொத்த நேரம்தான். 8 மணி நேர வேலை, போக வர 3 மணி நேரம் என்றால் 11 மணி நேரம். ஒரு வேனில் ஏழெட்டு ஊரைச் சுற்றினால் முதலில் ஏறுகிறவர்தான் கடைசியில் இறங்குவார். ஊர்களைச் சுற்றுகிற வரிசையை மாற்றி, காலையில் முதலில் ஏறினவரைச் சாயங்காலம் முதலில் இறக்கினால் பாரம் பகிர்ந்துபோகும்.

12. வேன் அடிபட்டா யாரு பொறுப்பு? பைக்ல வந்து விழுந்தா?

கம்பெனி வேன் என்றால் சட்டம் தெளிவாக இருக்கிறது. கம்பெனி ஓட்டுகிற, அல்லது கம்பெனி ஏற்பாட்டில் வேறொருவர் ஓட்டுகிற வண்டியில், கம்பெனியின் அனுமதியோடு வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டால் அது வேலையில் பட்ட அடியாகவே எடுத்துக்கொள்ளப்படும். பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-சி பிரிவு இது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தக் கருத்து இருக்கிறது. வேன் காண்டிராக்டருடையது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல வழியில்லை.

பைக்கில், பஸ்ஸில், நடந்து வரும்போது பட்டாலும் இப்போது வழி உண்டு. 2010 திருத்தத்தில் 51-இ பிரிவு வந்தது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையில், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தினால் அதுவும் வேலை விபத்துதான். இ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதற்கு மேலே வாங்குகிறவர்களுக்குப் பழைய 1923-ம் வருஷ இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன் வேலைக்கு பைக்கில் போகும்போது இறந்த வழக்கில், அந்தச் சட்டத்துக்கும் இதே பொருள்தான் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய தொகுப்பு இதை எழுதியே வைத்துவிட்டது.

அடிபட்ட அன்றைக்கே செய்ய வேண்டியது: கம்பெனிக்குச் சொல்லி விபத்து ரிப்போர்ட் போட வையுங்கள். ஷிப்ட் நேரமும் விழுந்த இடமும் அதில் இருக்க வேண்டும். தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ. கொடுக்கும். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் போட்டால், வேலைக்குத்தான் போனார் என்று நிரூபிப்பது பெரும்பாடு. வழியில் மார்க்கெட்டுக்குத் திரும்பினார், சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார் என்று கேள்வி வரும்.

13. தெரிஞ்சவர் வேன் இருக்கு, வெள்ளை போர்டு. கொறஞ்ச வாடகை. எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். வாடகைக்கு ஆள் ஏற்றுகிற வண்டிக்கு மஞ்சள் போர்டும் அதற்கான பெர்மிட்டும் வேண்டும். கம்பெனி சொந்த வண்டியில் கூலி வாங்காமல் தன் ஆளை ஏற்றினாலும் ஆறு பேருக்கு மேல் என்றால் தனியார் சேவை வாகனம் என்ற பெர்மிட் எடுக்க வேண்டும். வெள்ளை போர்டில் வாடகைக்கு ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி வழக்காடும்.

லோடு ஆட்டோவில் ஆள் ஏற்றுவது அதைவிட மோசம். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்பது பல வழக்குகளில் முடிந்துபோன விஷயம். அறுவடைக்கும் செங்கல் சூளைக்கும் அப்படித்தான் போகிறார்கள் என்பதால் தொழிற்சாலைக்கும் அதையே செய்யக்கூடாது. எப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் நாலின் ஜெராக்ஸும் உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும், தேதி முடிவதற்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டும்.

14. ராத்திரி பத்தரைக்கு விலக்குல இறக்கி விட்டுட்டுப் போயிருதாவ. ஊருக்குள்ள வரமாட்டேங்காவ. என்ன செய்ய?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். விலக்கு என்பது மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடம். பழைய தொழிற்சாலைச் சட்டம் பெண்களை ராத்திரி 7 முதல் காலை 6 வரை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியபோது பாதுகாப்பு நிபந்தனைகளைப் போட்டது, போக்குவரத்து அதில் ஒன்று. கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்ற தமிழ்நாட்டு ஆணைகளிலும் ராத்திரி 8-க்கு மேல் வேலை பார்க்கும் பெண்களுக்கு வண்டி வசதி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில், பெண்ணின் சம்மதம் இருந்தால், பாதுகாப்பு நிபந்தனையோடு இரவு வேலை உண்டு. சம்மதம் என்பதும் பாதுகாப்பு என்பதும் சேர்ந்தே வரும் வார்த்தைகள். ஒன்றைக் கையெழுத்தாக வாங்கிக்கொண்டு மற்றதை விலக்கில் இறக்கிவிடக் கூடாது.

விலக்கிலிருந்து ஊர் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் உடைமரக் காடு. வெளிச்சம் இல்லை. அப்பாவோ தம்பியோ பைக்கை எடுத்துக்கொண்டு விலக்கில் வந்து காத்திருப்பார்கள். பெண்ணின் இரவு வேலைக்காக இன்னொருவர் தூக்கமும் போகிறது. அவர் ஒரு மாதம் வருவார். பிறகு "அந்த வேலை வேண்டாம், விட்டுரு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். டிரைவர் ஊருக்குள் வராததற்கு மேடு பள்ளமான ரோடும் டீசலும் காரணம் என்றால் அந்த மூன்று கிலோமீட்டரையும் வாடகையில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

முறையான ஏற்பாடு இது: இறங்க வேண்டிய இடம் வீடு அல்லது ஊர் மந்தை என்று டிரிப் ஷீட்டில் எழுத வேண்டும். கடைசியாக இறங்குகிற பெண்ணோடு ஒரு பெண் காவலாளியோ நம்பகமான கூட்டாளியோ இருக்க வேண்டும். கடைசி ஆள் வீடு சேர்ந்ததும் செக்யூரிட்டிக்குப் போன் வந்து, நேரம் எழுதப்பட வேண்டும்.

15. கோவில் கொடை வந்தா அந்த ஊர் வேனே காலி. லைன் நிக்குது. எப்படிச் சமாளிக்க?

கொடை என்பது ஊர்க் கோவில் திருவிழா. நம் பக்கத்தில் சுடலைமாடன் கொடையோ அம்மன் கொடையோ என்றால் வெளியூரில் இருக்கிறவரே ஊருக்கு வந்துவிடுவார். ஊரில் இருக்கிறவரை வேலைக்கு வா என்றால் எப்படி வருவார்? கொடைக்குப் போகக்கூடாது என்று மெமோ கொடுத்தால் ஆள் கோபத்தில் போய்விடுவார்.

சிக்கல் கொடையில் இல்லை, ஒரு வேன் ஆட்களையே ஒரு லைனில் போட்டதில் இருக்கிறது. வேன் வாரியாக ஆளைப் பிரிப்பது வசதிதான். ஆனால் ஒவ்வொரு லைனிலும் மூன்று நான்கு ஊர் ஆட்கள் கலந்திருக்க வேண்டும். கொடைக்குக் கால் நாட்டுகிற தேதி எல்லா ஊரிலும் முன்கூட்டியே தெரியும். டிரைவரிடம் கேட்டு ஆபீஸ் காலண்டரில் எழுதி வைத்து, அந்த இரண்டு நாளை மாற்று விடுமுறையாகக் கொடுத்துவிடுங்கள்.

16. பத்து வருஷமா விட்ட வேன நிறுத்திட்டாவ. கேக்க முடியுமா?

முடியும். தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவும் அதன் நாலாம் அட்டவணையும், வழக்கமாக இருந்துவந்த சலுகையை எடுப்பதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்றன. புதிய தொழில் உறவுத் தொகுப்பிலும் இது இருக்கிறது. நேற்றுவரை வந்தது, இன்றைக்கு வராது என்று போர்டில் ஒட்டுவது செல்லாது. இந்தப் பாதுகாப்பு தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்குத்தான், மேனேஜர்களுக்கு இல்லை.

முதலாளிக்கு நிஜமாகவே முடியவில்லை என்றால் கணக்கை எடுத்துப் போட்டுப் பேசட்டும். இரண்டு வேனை ஒன்றாக்கலாம், பக்கத்துக் கம்பெனியோடு சேர்ந்து ஒரு பஸ் எடுக்கலாம். சிப்காட்டுக்குள் ஒரே வழியில் மூன்று கம்பெனி வேன் பாதி காலியாக ஓடுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

17. வேன் விட்டு டிரெய்னிங்கும் குடுத்திருக்கோம். ரெண்டு வருஷம் போகமாட்டேன்னு எழுதி வாங்கலாமா?

பயிற்சிக்கு நிஜமாகச் செலவு செய்திருந்தால் அதற்கு ஈடாக நியாயமான தொகை கேட்கிற ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்பதுண்டு. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், குறித்த காலத்துக்கு முன் போனால் தொகை கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது அதிகாரி வேலை, ஆளெடுக்கத் தேர்வு நடத்திய செலவு. வேனில் ஏற்றி வந்த செலவு அன்றாட உற்பத்திச் செலவு. அதைத் திருப்பிக் கேட்பதற்கு நியாயம் கிடையாது. சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வது, கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்துவது இரண்டும் தவறு.

நம் மாவட்டத்துப் பெண்பிள்ளைகள், மூன்று வருஷம் முடித்தால்தான் மொத்தப் பணம் என்ற திட்டத்தை நம்பி மேற்கே மில் ஹாஸ்டல்களுக்குப் போய்ப் பட்டதை ஊரில் எல்லாரும் அறிவார்கள். 'எழுதிக் கொடு' என்ற வார்த்தையைக் கேட்டாலே பெற்றவர்கள் பயப்படுவார்கள். வேனின் பெருமையே பிள்ளை ராத்திரி தன் வீட்டில் தூங்கும் என்பதுதான், அதோடு பாண்டு எழுதி வாங்குவதைச் சேர்க்க வேண்டாம்.

18. புதுசா வந்த பெரிய கம்பெனி ஏ.சி. பஸ் விடுது. எங்க ஆளெல்லாம் அங்க போறாவ. நாங்க என்ன செய்ய முடியும்?

டாடா பவரின் சோலார் தொழிற்சாலை போன்ற பெரிய ஆலைகள் கங்கைகொண்டானுக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. சம்பளத்திலும் பஸ்ஸிலும் அவர்களோடு போட்டி போட உங்களால் முடியாது. ஆனால் பெரிய பஸ் ஊருக்குள் நுழையாது. மெயின் ரோட்டு நிறுத்தத்தில் நிற்கும், குறித்த நேரத்துக்குக் கிளம்பும், ஒரு நிமிஷம் காத்திருக்காது.

உங்கள் பதினேழு சீட் வேன் தெரு முனை வரை போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மத்தியானம் கிளம்ப வேண்டிய பெண்ணை ஆபீஸ் பைக்கிலோ ஆட்டோ பிடித்தோ அனுப்பி வைக்க உங்களால் முடியும். 3-ம் கேள்வியில் சொன்ன சாயங்கால வேனும், 14-ல் சொன்ன விலக்கும் சரியாக இருந்தால், ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு எல்லாரும் போய்விட மாட்டார்கள். மூவாயிரம் என்றால் போவார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள், நல்லபடியாக அனுப்பி வையுங்கள். ஷிப்ட் ஒத்துவராமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு.

19. வேன் இருக்கதாலதான் இங்க கெடக்கோம். அத வச்சே கூலிய ஏத்தமாட்டேங்காவ. இது விசுவாசமா?

இல்லை, அது வேறு வழியில்லாமை. பீடி சுற்றுவதையும் நூறு நாள் வேலையையும் விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு இந்த வேன் ஒன்றுதான் ஊரை விட்டு வெளியே போகிற வழி. அதைத் தெரிந்துகொண்டு வருஷா வருஷம் கூலியை அப்படியே வைத்திருக்கிற கம்பெனி உண்டு. அங்கே ஆள் நிற்கிறார் என்று ரெஜிஸ்டர் சொல்லும். பக்கத்தில் இன்னொரு வேன் வரும்வரைதான் நிற்பார். ஒருத்தி மட்டும் போகமாட்டாள், ஒரே வேனில் வந்தவர்கள் ஒன்றாகப் போவார்கள். அவர்களுக்குள் பேச்சு நடக்கிற இடமே அந்த வேன்தான்.

தொழிலாளிகளுக்குச் சொல்வது: வேனைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் கேளுங்கள். வேன் செலவைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது என்பதை 6-ம் கேள்வியில் சொல்லிவிட்டேன்.

20. அந்த ஊர் ஆளுகளோட நாங்க ஒரே வேன்ல வரமாட்டோம்னு சொல்லுதாவ. தனி வேன் விட்டுருவமா?

இதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். 'அந்த ஊர்' என்று சொன்னாலும் என்ன சொல்கிறார்கள் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். தனி வேன் விடாதீர்கள். சாதி பார்த்து வண்டியைப் பிரித்தால் கம்பெனியே அந்தப் பிரிவினையை நடத்துகிறது என்று ஆகும். தீண்டாமையை அரசியலமைப்பின் 17-வது பிரிவு ஒழித்திருக்கிறது, 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. இன்றைக்குத் தனி வேன் என்றால் நாளைக்குத் தனித் தண்ணீர்க் குழாய், தனி சாப்பாட்டு மேசை என்று கேட்பார்கள்.

சீட்டுக்கு நம்பர் போட்டு, மாதம் ஒரு தடவை சுழற்றி விடுங்கள், முன் சீட்டு யாருக்கும் பரம்பரை கிடையாது. வேன் வழி தூரத்தையும் நேரத்தையும் பார்த்துத்தான் போட்டது என்று எழுதி ஒட்டுங்கள். வரமாட்டேன் என்கிறவரிடம் மேனேஜர் நேரில் பேசட்டும், சூப்பர்வைசரிடம் விடக்கூடாது. டிரைவர் யாரையாவது பின்னால் போ என்று சொன்னால் அன்றைக்கே அவரை மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று பேர் வேலையை விட்டுப் போகலாம், போகட்டும். மற்றவர்கள் கொஞ்ச நாளில் ஒரே வேனில் பழகிவிடுவார்கள், அப்படிப் பழகிய வேன்கள் இந்த வழியில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.